முத்தியால்பேட்டையிலிருந்து ரயில் நிலையம் வரை ஒரு சைக்கிள் வழி: பலகை வைத்தால் போதுமா?

வாய்க்கால்கரையான் | சனி, காலை 6:40

எல்லாருக்கும் வணக்கம். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கிறேன். என் மகளுக்கு இந்த வருடம் ஒன்பதாம் வகுப்பு. பள்ளி பழைய ஊருக்குள், சுப்பையா சாலைப் பக்கம். அடுத்த மாதத்திலிருந்து சைக்கிளில்தான் போவேன் என்று பிடிவாதமாக இருக்கிறாள். எனக்கும் ஆசைதான். ஆனால் மகாத்மா காந்தி சாலை வழியாக அவளைத் தனியாக அனுப்ப மனம் வரவில்லை.

போன வாரம் அங்கே என் கண்முன்னால் நடந்தது இது. சீருடையில் ஒரு பெண் சைக்கிளில் இடது ஓரமாகப் போய்க்கொண்டிருந்தாள். நிறுத்தியிருந்த ஸ்கூட்டரை ஒருவர் திரும்பிப் பார்க்காமல் பின்னால் இழுத்தார். அவள் வலப்பக்கம் ஒதுங்கினாள். பின்னால் டெம்போ. ஓட்டுநர் சட்டென்று பிரேக் பிடித்ததால் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தப் பெண் இறங்கி, அதற்கப்புறம் சைக்கிளில் ஏறவே இல்லை. தள்ளிக்கொண்டே போனாள். அது என் மனதை விட்டுப் போகவில்லை.

ஒரு வாரமாகக் காலையில் உள்தெருக்களில் சுற்றிப் பார்த்தேன். மணிக்கூண்டில் தொடங்கி, வீட்டுத் தெருக்கள் வழியாகக் குருசுக்குப்பம், அங்கிருந்து படேல் சாலையைக் கடந்து பழைய ஊர், பெரிய வாய்க்கால் ஓரமாகத் தெற்கே இறங்கி, சுப்பையா சாலையில் ரயில் நிலையம். மொத்தம் நாலு கிலோமீட்டருக்குள். மெதுவாக மிதித்தாலும் இருபது நிமிடம். பெரிய சாலையில் ஓட்ட வேண்டிய அவசியமே இல்லை, கடந்தால் போதும்.

ஒரே சிக்கல், பதினோரு திருப்பம் இருக்கிறது. நானே இரண்டு நாள் தப்பான தெருவில் நுழைந்தேன். அதனால் ஒவ்வொரு திருப்பத்திலும் சைக்கிள் படமும் அம்புக்குறியும் போட்ட சின்னப் பலகை வைக்கலாம் என்று தோன்றுகிறது. இருபது பலகை இருந்தால் போதும். தெருக்காரர்கள் சேர்ந்தால் செலவு பெரிதல்ல. என்ன சொல்கிறீர்கள்?

மில்சங்கு | சனி, காலை 7:30

தம்பி, நல்ல காரியம். ரோடியர் மில்லில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தேன். ஷிப்ட் முடிந்து சங்கு ஊதினால் கடலூர் சாலை முழுக்கச் சைக்கிள்தான். தனிப் பாதையும் இல்லை, பலகையும் இல்லை. ஆனால் நாங்கள் கூட்டமாகப் போனோம். லாரிக்காரன் தூரத்திலேயே பார்த்து வேகத்தைக் குறைப்பான். ஒற்றையாகப் போகிறவனை யாரும் கவனிப்பதில்லை. 2020-ல் மில்லை மூடினார்கள். அதற்கு ரொம்ப முன்னாடியே அந்தச் சைக்கிள் கூட்டம் கலைந்துபோயிருந்தது.

அதனால் என் பார்வையில், வழி குறிப்பதால் கிடைக்கிற பெரிய பலன் இதுதான்: சிதறிப் போகிறவர்களை ஒரே தெருவுக்குக் கொண்டுவரும். ஒரே தெருவில் காலையில் முப்பது பேர் போனால் அந்தத் தெருவில் வண்டி ஓட்டுகிறவனுக்குத் தானாகவே பழகிவிடும்.

நேர்கோடு | சனி, காலை 9:25

சாலை வேலையில் நெடுநாள் இருந்து ஓய்வு பெற்றவன் நான். முயற்சியை மனதார வரவேற்கிறேன். ஆனால் சில விஷயங்களை இப்போதே சொல்லிவிட வேண்டும்.

சாலைக் குறியீட்டுப் பலகையைப் பொதுமக்கள் தாங்களாக நட முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 116-ன்படி அரசோ அரசு அதிகாரம் கொடுத்த அமைப்போதான் வைக்கலாம். நீங்கள் பணம் போட்டுச் செய்தாலும் அனுமதியோடு, அவர்கள் மூலமாகத்தான் போக வேண்டும்.

பலகையின் வடிவத்திலும் கவனம் வேண்டும். நீல வட்டத்தில் சைக்கிள் படம் போட்டால், சாலைத் தரங்களை வகுக்கும் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸின் ஐ.ஆர்.சி 67 விதிப்படி அது கட்டாயச் சைக்கிள் பாதை. நீங்கள் சொல்வது எல்லா வண்டியும் போகிற தெரு. அங்கே அந்த வட்டம் வரக் கூடாது. வழி சொல்லும் பலகை செவ்வகம். சிவப்பு ஓரம் போட்ட முக்கோணம் எச்சரிக்கை. சைக்கிள் கடக்கும் இடத்துக்கு முன்னால் மோட்டார் வண்டிக்காரர் கண்ணில் படும்படி வைப்பது. பல ஊர்களில் இந்த மூன்றையும் குழப்பி வைத்திருக்கிறார்கள்.

இவையெல்லாம் சின்ன விஷயம். எனக்குள்ள உண்மையான கவலை வேறு. ஒரு பதினாலு வயதுப் பெண் உங்கள் பலகையைப் பார்த்து அந்தத் தெருவில் நுழைகிறாள் என்றால், இந்த வழியில் தைரியமாகப் போகலாம் என்று நீங்கள் அவளிடம் சொன்னதாகத்தான் ஆகும். பாதி வழியில் படேல் சாலை வருகிறது. அதை அவள் எப்படிக் கடப்பாள்? நீங்கள் கடந்தது காலை ஆறு மணிக்கு. எட்டே முக்காலுக்குப் போய் நின்று பாருங்கள். அந்த ஒரு இடம் சரியாகாமல் இருபது பலகை வைத்தால், பெரிய சாலைக்குப் போகாத குழந்தைகளையும் நாம் கூட்டிக்கொண்டு போய் அதன் ஓரத்தில் நிறுத்தியதாகிவிடும்.

வாய்க்கால்கரையான் | சனி, காலை 10:05

ஐயா, நீங்கள் சொல்வது புரிகிறது. ஆனால் எல்லாம் சரியான பிறகுதான் பலகை என்றால் என் மகள் கல்லூரி முடித்துவிடுவாள். எங்கேயாவது தொடங்க வேண்டாமா? பலகை வந்தால் நாலு பேர் அந்த வழியில் வருவார்கள். வந்தால்தானே கடக்கும் இடத்தைச் சரிசெய் என்று கேட்க முடியும்?

இரவுப்பணி | சனி, பகல் 1:15

தம்பி, இந்த இழையைப் படிக்கும்போது ஒன்று உறுத்துகிறது. நான் செவிலியர். ஒன்பது மணிக்கு ஷிப்ட் முடிந்து சைக்கிளில்தான் வீட்டுக்கு வருகிறேன், பல வருடமாக. நீங்கள் கண்டுபிடித்த தெருக்கள் எனக்குத் தெரியும். காலையில் கோலம், பால்காரர், பள்ளிப் பிள்ளைகள், எல்லாம் நன்றாக இருக்கும். இரவு ஒன்பதரைக்கு அதே தெருவில் ஒரு கடை திறந்திருக்காது. சில இடத்தில் விளக்கும் எரியாது. வாய்க்கால் ஓரத்தில் வண்டிகள் நின்றால் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. நான் அந்த நேரத்தில் மகாத்மா காந்தி சாலையில்தான் வருவேன். வண்டி அதிகம்தான். ஆனால் ஆள் இருக்கிறார்கள்.

சைக்கிளில் போகிறவருக்குப் பாதுகாப்பு என்று பேசும்போது ஆண்கள் லாரியைப் பற்றி மட்டும் பேசுகிறீர்கள். நாங்கள் இரண்டுக்கும் பயப்பட வேண்டியிருக்கிறது. ஒரு வழிக்குப் பலகை வைத்தால் அது இரவு பத்து மணி வரையாவது ஒரு பெண் தனியாக ஓட்டக்கூடிய வழியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் எங்களுக்கு வேறு வழி காட்டுங்கள்.

வாய்க்கால்கரையான் | சனி, பகல் 1:40

அக்கா, இதை நான் யோசிக்கவே இல்லை. மன்னியுங்கள். என் மகளும் டியூஷன் முடிந்து ஏழரைக்குத்தான் வருவாள். எந்தெந்த இடத்தில் விளக்கு இல்லை என்று உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்ல முடியுமா?

லில்_புதுவையான் | சனி, மாலை 4:50

பிறந்தது வைத்திக்குப்பம். இப்போது பிரான்ஸில் லில் நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறேன். தினமும் சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறேன். இந்தத் தலைப்பைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நம் ஊருக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. ஒல்லாந்தர் 1693-ல் பிடித்து 1699-ல் திருப்பிக் கொடுத்த ஊர் நம்முடையது. பழைய ஊரின் கட்டம்கட்டமான தெரு அமைப்பு அவர்கள் போட்ட வரைபடத்திலிருந்து வந்தது. கட்டம் போட்ட ஊரில் நெரிசலான சாலை ஒன்று இருந்தால் அதற்கு இணையாக நெரிசல் குறைந்த தெரு ஒன்று இருந்தே தீரும். அமெரிக்காவில் பாலோ ஆல்டோ என்ற ஊரில் 1982-ல் பிரையன்ட் தெருவை இப்படித்தான் சைக்கிளுக்கு முதன்மை கொடுக்கும் தெருவாக மாற்றினார்கள். பெரிய சாலைக்கு இணையான வீட்டுத் தெரு. சில சந்திப்புகளில் கார் நேராகப் போக முடியாதபடி தடுப்பு, சைக்கிளுக்கு மட்டும் இடைவெளி. தெருக்காரர்களின் கார் உள்ளே வரலாம், குறுக்கு வழி தேடுகிற கார் வராது. பலகையை விட அந்தத் தடுப்புதான் வேலை செய்தது.

இங்கே பிரான்ஸில் நான் தினமும் அனுபவிக்கிற ஒன்றையும் சொல்கிறேன். நம் ஊரைப் போலவே இங்கும் பழைய ஊர்களில் ஒருவழித் தெருக்கள் நிறைய. 2008-ல் வந்த ஆணைப்படி, 30 கி.மீ வேக எல்லைக்குள் உள்ள ஒருவழித் தெருக்களில் சைக்கிள் இரண்டு பக்கமும் போகலாம். நகராட்சி காரணம் காட்டித் தடை செய்தால்தான் இல்லை. நுழையக் கூடாது என்ற சிவப்புப் பலகைக்குக் கீழே, சைக்கிளுக்கு விலக்கு என்று ஒரு சின்னப் பட்டை இருக்கும். அவ்வளவுதான். வந்த புதிதில் எதிரே கார் வரும்போது பயந்தேன். ஆனால் எதிரே வருகிற காரை நான் பார்க்கிறேன், ஓட்டுநரும் என்னைப் பார்க்கிறார். முதுகுக்குப் பின்னால் வருகிற காரைவிட அது மேல்.

பலகை விஷயத்தில் பெல்ஜியத்தில் பார்த்தது எனக்கு ரொம்பப் பிடித்தது. அங்கே லிம்பர்க் மாகாணத்தில் ஹியூகோ போலன் என்ற நிலக்கரிச் சுரங்கப் பொறியாளர் 1995-ல் கொண்டுவந்த முறை. ஊர்ப் பெயரே வேண்டாம், சந்திப்புகளுக்கு எண் கொடு என்றார். 12-லிருந்து 27, அங்கிருந்து 31 என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு நாள் முழுக்க ஓட்டலாம். நெதர்லாந்துக்கும் அது பரவிவிட்டது. நம் ஊரில் தமிழ், பிரெஞ்சு, ஆங்கிலம் என்று ஒரே தெருவுக்கு மூன்று பெயர். எண் என்றால் மீன் விற்கிற அம்மாவிலிருந்து சுற்றுலா வந்தவர் வரை எல்லாருக்கும் புரியும். உங்கள் பதினோரு திருப்பத்துக்கும் 1 முதல் 11 வரை எண் கொடுத்துப் பாருங்கள்.

மில்சங்கு | சனி, மாலை 5:20

எண் கொடுப்பது நல்ல யோசனை. மில்லில் தறிக்கெல்லாம் எண்தான். யாரும் குழம்ப மாட்டார்கள்.

ஒருவழித் தெருவில் எதிர்ப்பக்கம் போவது மட்டும் எனக்குச் சரியாகப் படவில்லை. இங்கே எல்லாரும் ஏற்கெனவே எதிரே வருகிறார்கள், டூ வீலர் உட்பட. அதற்கு அனுமதி வேறு கொடுத்தால் என்ன ஆகும்?

நேர்கோடு | சனி, இரவு 8:10

பெரியவர் சொல்வதோடு ஒத்துப்போகிறேன், இப்போதைக்கு. பிரான்ஸில் அது நடப்பதற்குக் காரணம் 30 கி.மீ வேகம். அதை விட்டுவிட்டுப் பட்டையை மட்டும் இங்கே கொண்டுவர முடியாது.

வேகம் ஏன் முக்கியம் என்று ஒரு சின்னக் கணக்கு. 50 கி.மீ வேகத்தில் வருகிற வண்டி ஒரு நொடியில் கிட்டத்தட்ட 14 மீட்டர் ஓடிவிடும். 30-ல் வந்தால் எட்டு மீட்டர் சொச்சம். ஓட்டுநர் உங்களைப் பார்த்து, கால் பிரேக்குக்குப் போகவே அந்த ஒரு நொடி ஆகிறது. அதற்குப் பிறகு வண்டி நிற்க எடுக்கிற தூரம் வேகத்தின் இருமடிப்படி கூடும். 30-க்கும் 50-க்கும் இடையில் அது இரண்டரை மடங்குக்கும் மேல். குறுக்குத் தெருவிலிருந்து ஒரு குழந்தை எட்டிப் பார்க்கிற இடத்தில் இந்த வித்தியாசம்தான் எல்லாமே.

அதனால் உள்தெருக்களில் முதலில் வேண்டியது நீளமான, சரிவான வேகத்தடை. சைக்கிள்காரரின் முதுகெலும்பை உடைக்கிற குறுகிய மேடு இல்லை. முழுச் சாலையும் மூன்று நாலு மீட்டருக்கு மெல்ல ஏறி இறங்குகிற வகை. சந்திப்பையே நடைபாதை உயரத்துக்குத் தூக்கிவிட்டால் இன்னும் நல்லது.

லில் நண்பர் சொன்ன தடுப்பை ஒரே ஒரு சந்திப்பிலாவது மண்தொட்டி வைத்துச் சோதித்துப் பார்க்கலாம். பிடிக்கவில்லை என்றால் எடுத்துவிடலாம்.

சைக்கிள்கடை | ஞாயிறு, காலை 7:05

எனக்குப் பெரிய விஷயம் தெரியாது. குருசுக்குப்பத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். எங்கே விழுகிறார்கள் என்று மட்டும் தெரியும், விழுந்தவுடன் என்னிடம்தான் வருகிறார்கள்.

முதலாவது, சாக்கடைக் கம்பி மூடி. கம்பி நாம் போகிற திசையிலேயே நீளவாக்கில் இருந்தால் ஒல்லி டயர் உள்ளே போய்விடும். முன் சக்கரம் மாட்டினால் ஆள் ஹேண்டில்பாருக்கு மேலே பறப்பார். போன மாதம்கூட ஒரு ரிம் எட்டு மாதிரி வளைந்து வந்தது. மூடியைக் கழற்றிக் குறுக்குவாக்கில் திருப்பி வைத்தாலே போதும். திருப்ப முடியாத மூடி என்றால் குறுக்கே நாலு பட்டை வெல்டிங். ஒரு மணி நேர வேலை.

அப்புறம் யூ வாய்க்கால் சிலாப், அதாவது சாலையோரச் சாக்கடையை மூடியிருக்கிற கல்பலகை. உடைந்த சிலாப்பும் சாலையும் சேர்கிற இடத்தில் இரண்டு அங்குலப் பள்ளம் இருக்கிறது. ஓரமாகப் போ என்று எல்லாரும் சொல்கிறார்கள். ஓரம் என்பது அந்தப் பள்ளம்தான்.

கண்ணாடித் துண்டு. நம் ஊரில் பார் இருக்கிற தெருவை விட்டு வழி போட்டாலே பாதி பஞ்சர் குறையும். சனி, ஞாயிறு இரவுக்குப் பிறகு திங்கட்கிழமைதான் எனக்கு வேலை அதிகம். இதைச் சொன்னால் என் பிழைப்புக்கு நஷ்டம்தான், இருந்தாலும் பிள்ளைகள் போகிற வழி, சொல்லத்தான் வேண்டும்.

தரையில் சைக்கிள் படம் வரைவதாக இருந்தால், திருப்பத்தில் வரையாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்தப் பெயின்ட் மேல் பிரேக் பிடித்தால் வழுக்கும். நேராகப் போகிற இடத்தில் வரையுங்கள்.

மார்க்கெட்டார் | ஞாயிறு, காலை 11:30

பெரிய மார்க்கெட் பக்கம் கடை வைத்திருப்பவன் என்ற முறையில் என் எதிர்ப்பைப் பதிவு செய்கிறேன். முதலில் சைக்கிள் வழி என்பீர்கள். அப்புறம் இரண்டு பக்கமும் வண்டி நிறுத்தக் கூடாது என்பீர்கள். என் வாடிக்கையாளர் டூ வீலரில் வருகிறார். ஐந்து நிமிடம் நிறுத்தி வாங்கிக்கொண்டு போவார். நிறுத்த முடியாவிட்டால் வேறு கடைக்குப் போய்விடுவார். சரக்கு இறக்கும் வண்டி எங்கே நிற்கும்? ஏற்கெனவே வாரக் கடைசியில் வெளியூர் கார்களால் மூச்சு முட்டுகிறது.

வாய்க்கால்கரையான் | ஞாயிறு, பகல் 12:10

அண்ணே, உங்கள் பிழைப்பைக் கெடுக்கிற எண்ணம் யாருக்கும் இல்லை. நான் போட்ட வழி மார்க்கெட் வாசலைத் தொடவில்லை, கிழக்கே வாய்க்கால் ஓரமாகவே போய்விடுகிறது. காந்தி வீதியையும் விட்டுவிட்டேன், ஞாயிற்றுக்கிழமைச் சந்தை அன்று அங்கே சைக்கிளைத் தள்ளக்கூட முடியாது.

ஆனால் ஒன்று கேட்கிறேன். நிறுத்தக் கூடாது என்பதற்குப் பதிலாக, ஒரு நாள் இந்தப் பக்கம், மறுநாள் அந்தப் பக்கம் என்று வைத்தால் உங்களுக்குச் சம்மதமா? ஒரு பக்கம் காலியானாலே சைக்கிளுக்கு இடம் கிடைத்துவிடும்.

மார்க்கெட்டார் | ஞாயிறு, பகல் 2:45

மாற்றி மாற்றி நிறுத்துவதில் ஆட்சேபணை இல்லை. சரக்கு இறக்குவதற்குக் காலை ஏழு மணிக்கு முன் நேரம் கொடுத்தால் நான் கையெழுத்துப் போடுகிறேன். சைக்கிள் நிறுத்த நாலு கம்பி வளைவு மார்க்கெட் பக்கம் அடித்துக் கொடுத்தால், சைக்கிளில் வருகிறவரும் என்னிடம் வாங்குவார். அதையும் கேளுங்கள்.

லில்_புதுவையான் | ஞாயிறு, மாலை 6:00

வாய்க்கால் ஓரத்துக்குப் பதிலாகக் கடற்கரைச் சாலையில் போகலாமே என்று யாரும் கேட்கவில்லையே? மாலை ஆறு மணிக்கு மேல் அங்கே மோட்டார் வண்டி கிடையாது.

இரவுப்பணி | ஞாயிறு, மாலை 6:25

வேண்டாம். அந்த நேரம் அது நடக்கிறவர்களின் இடம். வயதானவர்கள், தத்தித் தத்தி நடக்கிற குழந்தைகள். வேலை முடிந்து வீட்டுக்கு விரைகிற நான் அவர்கள் நடுவில் பெல் அடித்துக்கொண்டு போவது நியாயமில்லை. கார்க்காரர் எனக்குச் செய்வதை நான் அவர்களுக்குச் செய்ய மாட்டேன்.

நேர்கோடு | ஞாயிறு, இரவு 9:00

மனு எழுதுவதானால் யாருக்கு எழுதுவது என்பதில் தெளிவு வேண்டும். நம் நகராட்சிக்கு 2006-ல் தேர்தல் நடந்தது. 2011-ல் பதவிக்காலம் முடிந்தது. அதற்குப் பிறகு பல வருடங்களாக வார்டுக்கு ஒரு கவுன்சிலர் என்று போய் நிற்க ஆள் இல்லை. எனவே நகராட்சி ஆணையர், பொதுப்பணித் துறை, போக்குவரத்துக் காவல் மூன்றுக்கும் தனித்தனியாக, தொகுதி எம்.எல்.ஏ.வுக்கு நகலோடு.

எந்தத் தெரு யார் பொறுப்பு என்பதை முதலில் எழுத்தில் வாங்குங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ன்படி கேட்டால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு மேசையிலும், அது எங்கள் சாலை இல்லை என்று திருப்பி அனுப்புவார்கள்.

மனுவில் பலகையைக் கடைசியில் எழுதுங்கள். முதல் வரி படேல் சாலையைக் கடக்கும் இடமாக இருக்கட்டும். நடுவில் இரண்டு மீட்டர் அகலத்துக்கு ஒரு திட்டு. சைக்கிளின் நீளம் ஏறக்குறைய 1.8 மீட்டர், அதற்குக் குறைவாகத் திட்டு போட்டால் பின் சக்கரம் சாலையில் நீட்டிக்கொண்டிருக்கும். திட்டு இருந்தால் குழந்தை ஒரு பக்கத்து வண்டிகளை மட்டும் பார்த்துப் பாதி கடந்து, நின்று, அப்புறம் மறுபாதி கடக்கலாம்.

வாய்க்கால்கரையான் | வெள்ளி, இரவு 8:30

சொன்னபடி இன்று காலை எட்டரைக்குப் படேல் சாலைக்குப் போனோம். நான், மகள், மில் பெரியவர், சைக்கிள்கடை அண்ணன். அரை மணி நேரம் ஓரத்தில் நின்று வெறுமனே பார்த்தோம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நேர்கோடு ஐயா சொன்னதுதான் சரி. சைக்கிளில் வந்தவர்களில் பாதிக்கு மேல் இறங்கித் தள்ளினார்கள். ஒரு பையன் நடுவில் மாட்டிக்கொண்டு, முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் வர முடியாமல் நின்றான். இரண்டு பக்கமும் டூ வீலர்கள் அவனை உரசிக்கொண்டு போயின. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. நிற்க ஒரு இடம் அங்கே இல்லை, அவ்வளவுதான். காலை ஆறு மணிக்கு நான் பார்த்த சாலை இதுவே இல்லை. ஒரு வாரம் சுற்றியும் பிள்ளைகள் போகிற நேரத்தில் ஒருமுறைகூட நான் அங்கே போய் நிற்கவில்லை என்பதை நினைத்தால் மனம் பதறுகிறது. அங்கே அம்புக்குறி வைக்கவா போனேன் என்று இருந்தது.

மீன் கூடை கட்டிய சைக்கிளில் ஒருவர் வந்தார். கேரியரில் முப்பது கிலோவாவது இருக்கும். அவர் நிற்கவே இல்லை, கையை நீட்டிக்கொண்டே நுழைந்துவிட்டார். தினமும் இப்படித்தானா என்று கடந்த பிறகு கேட்டேன். நின்றால் கூடையோடு மறுபடி கிளப்ப முடியாது என்றார். அவருக்கும் சேர்த்துத்தான் அந்தத் திட்டு வேண்டும்.

பிறகு மகளிடம், நீ எப்படிப் போவாய், காட்டு என்றேன். நான் போட்ட வழியில் அவள் போகவில்லை. படேல் சாலைக்கு ஒரு தெரு முன்னாலேயே திரும்பி, இணையான தெருவில் சென்று சிக்னல் இருக்கிற சந்திப்பில் போய் நின்றாள். அங்கே காலையில் காவலர் நிற்கிறார். பச்சை விழுந்ததும் மற்றவர்களோடு கடந்தாள். இருநூறு மீட்டர் சுற்று. "அப்பா, நீங்கள் கிட்டே இருக்கிற வழியைத் தேடினீர்கள், நான் கடக்க முடிகிற இடத்தைத் தேடினேன்" என்றாள். நாங்கள் மூன்று பேரும் ஒன்றும் பேசவில்லை.

அதனால் வழியை மாற்றிவிட்டோம். சிக்னல் வழியாக ஒன்று, திட்டு வந்த பிறகு நேராக ஒன்று. திருப்பம் பதினொன்று இப்போது பதின்மூன்று ஆகிறது. எல்லாவற்றுக்கும் எண் போட்டாயிற்று. ஆனால் எண் 4-லிருந்து 5-க்கு நேர்ப் பலகை திட்டு கட்டிய மறுநாள்தான் வரும். அதற்கு முன்னால் அனுமதி கொடுத்தாலும் வேண்டாம் என்றே மனுவில் எழுதியிருக்கிறேன்.

பழைய ஊருக்குள் நான்கு கம்பி மூடிகள் நீளவாக்கில் இருக்கின்றன. சைக்கிள்கடை அண்ணன் சாக்பீஸால் வட்டம் போட்டு, படம் எடுத்துவிட்டார். வாய்க்கால் ஓரத்தில் ஒரு இடத்தில் சாலையில் மணல் திட்டாகச் சேர்ந்து கிடக்கிறது, சக்கரம் நழுவுகிறது. பலகை வைக்க வேண்டிய இடத்தையும் குறித்தோம்: திருப்பத்திலேயே வைத்தால் பார்ப்பதற்குள் தாண்டிவிடுகிறோம். மிதிக்கிற வேகத்தில் நொடிக்கு நாலு மீட்டர் போகிறோம். பதினைந்து மீட்டர் முன்னால் இருந்தால் பார்த்து, கையைக் காட்டி, திரும்பச் சரியாக இருக்கிறது. திரும்பிய பிறகு இன்னொரு சின்னப் பலகை, சரியான தெருவில்தான் இருக்கிறோம் என்று தெரிய. மகள் ஓட்டிப் பார்த்துச் சொன்னது இது.

மில்சங்கு | வெள்ளி, இரவு 9:00

இன்னொன்றும் சேர்த்துக்கொள். திங்கள் முதல் மணிக்கூண்டில் காலை எட்டு இருபதுக்கு நான் நிற்கிறேன். சைக்கிளில் பள்ளிக்குப் போகிற பிள்ளைகள் யார் வந்தாலும் சேர்ந்து போகலாம். சிக்னல் வரை கூட வருவேன். பலகை எப்போது வேண்டுமானாலும் வரட்டும். எனக்குக் காலையில் வேறு வேலை இல்லை.

வாய்க்கால்கரையான் | வெள்ளி, இரவு 9:15

மகள் வருவாள் ஐயா. எதிர்வீட்டுப் பையன்கள் இரண்டு பேரையும் கேட்கிறேன்.

இரவுப்பணி | வெள்ளி, இரவு 10:40

இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன். இன்று உங்கள் புது வழியில் வந்து பார்த்தேன், என் தம்பி பின்னால் இன்னொரு சைக்கிளில் வந்தான். எண் 6 வரை பரவாயில்லை, ஒரு மருந்துக்கடையும் இட்லிக்கடையும் திறந்திருந்தன. 6-க்கும் 9-க்கும் நடுவில் ஏழு விளக்கு எரியவில்லை. கம்பத்து எண் ஒவ்வொன்றையும் எழுதி வைத்திருக்கிறேன், தனியே அனுப்புகிறேன். எண் 8-ல் மரக்கிளை விளக்கை மூடியிருக்கிறது, அதை வெட்டினாலே வெளிச்சம் வரும். மனுவில் விளக்கு என்று பொதுவாக எழுதாமல் கம்பத்து எண்ணைப் போடுங்கள்.

வாய்க்கால்கரையான் | வெள்ளி, இரவு 10:55

அனுப்புங்கள் அக்கா. இரண்டாம் பக்கத்தை அதற்காக மறுபடி எழுதுகிறேன். திங்கட்கிழமை பிள்ளைகளை விட்டுவிட்டு அப்படியே மனுவைக் கொடுத்துவிட்டு வருகிறேன். ரசீது எண்ணை இங்கே போடுகிறேன்.